பேன்டிங்கில் சர்க்கரை இறங்கியது, எல்டிஎல் ஏறிவிட்டது: இனி என்ன செய்வது?

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறீர்கள், வயது 46, நாலு வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஏழு மாதத்துக்கு முன்னால் மாவுச்சத்தை (கார்போவை) குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேன்டிங் டயட்டை ஆரம்பித்து, சோறு, ரொட்டி, பாப் என்ற சோளமாவுக் களி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தி, 97 கிலோவிலிருந்து 82க்கு வந்துவிட்டீர்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7.9 இருந்தது 6.1 ஆகிவிட்டது. ரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 2.8லிருந்து 1.1. நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் 0.9லிருந்து 1.2. ஆனால் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் மட்டும் 3.4 இருந்தது 5.7க்குப் போய்விட்டது. டாக்டர் இந்த டயட்டை விட்டுவிட்டு கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை போடச் சொல்கிறார். ஜிம்மில் கூட இருப்பவர்கள் எல்டிஎல் எல்லாம் பெரிய விஷயமே இல்லை, ட்ரைகிளிசரைடு இறங்கிவிட்டதே, அது போதும் என்கிறார்கள். அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது என்று கடைசியில் ஒரு வரி. யார் பேச்சைக் கேட்பது என்பது கேள்வி.

என் பதில் இதுதான்: கார்போவைக் குறைத்ததை விடாதீர்கள், அது உங்களுக்கு நல்லது செய்திருக்கிறது. எல்டிஎல்லையும் அப்படியே விட்டுவிடாதீர்கள், அது உங்களுக்குக் கெடுதல் செய்யும். இரண்டையும் சேர்த்தே பார்க்க முடியும், ஏனென்றால் எல்டிஎல்லை ஏற்றியது நீங்கள் நிறுத்திய சோறு இல்லை, சோற்றுக்குப் பதிலாகத் தட்டில் வந்து உட்கார்ந்த கொழுப்பு. நான் டர்பனில் உணவியல் ஆலோசகராக வேலை செய்கிறேன், நம் ஆட்களின் ரிப்போர்ட்டுகளில் இந்த மாதிரி எண்களை நிறையப் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ரிப்போர்ட்டைச் சரியாகப் படிப்போம். இங்கே மில்லிமோல் கணக்கில் வரும், ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது கொலஸ்ட்ரால் எண்களை 38.7ஆல் பெருக்கினால் அவர்களுக்குத் தெரிந்த மில்லிகிராம் கணக்கு வந்துவிடும், ஆக உங்கள் 5.7 என்பது அங்கே சுமார் 220. ஜிம் நண்பர்கள் ட்ரைகிளிசரைடும் எச்டிஎல்லும் நன்றாகிவிட்டன என்கிறார்கள், அது உண்மை. ஆனால் மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்துப் பாருங்கள். முன்னால் மொத்தம் 5.6, எச்டிஎல் 0.9, மீதி 4.7. இப்போது மொத்தம் 7.4, எச்டிஎல் 1.2, மீதி 6.2. ரத்தக் குழாய்ச் சுவரில் போய் ஒட்டக்கூடிய கொலஸ்ட்ரால் அத்தனையும் அந்த மீதிக்குள்தான் இருக்கிறது. ட்ரைகிளிசரைடு இவ்வளவு இறங்கியும் அந்த எண் ஏறித்தான் இருக்கிறது. சரி, விகிதம்தான் முக்கியம் என்று சொல்பவர்களுக்கும் ஒரு கணக்கு: 5.6ஐ 0.9ஆல் வகுத்தால் 6.2, 7.4ஐ 1.2ஆல் வகுத்தாலும் 6.2. பதினைந்து கிலோ குறைத்த மனிதருக்கு அந்த விகிதம் கொஞ்சமாவது இறங்கியிருக்க வேண்டும், இங்கே இருந்த இடத்திலேயே நிற்கிறது.

எல்டிஎல் துகள் பெரிதாகப் பஞ்சு மாதிரி இருந்தால் ஆபத்தில்லை, சின்னதாக அடர்த்தியாக இருப்பதுதான் ஆபத்து என்றும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சின்னத் துகள் கெட்டது என்பது சரி. பெரிய துகள் ஒன்றும் செய்யாது என்பது சரியில்லை. பிறவியிலேயே எல்டிஎல் அதிகமாக இருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களுக்குத் துகள் பெரும்பாலும் பெரிய வகைதான், சர்க்கரை, தொப்பை ஒன்றும் இல்லாமல் ஒல்லியாகவே இருப்பார்கள், ஆனாலும் நாற்பது வயதில் மாரடைப்பு வருகிறது. எல்டிஎல் மட்டும் தனியாக இருந்தாலே குழாயை அடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். அதேபோல எல்டிஎல்லை 1 மில்லிமோல் குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைகின்றன என்பதும் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த மருந்துச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது.

இப்போது ஏன் ஏறியது என்ற விஷயம். கல்லீரலின் மேல் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள், 1985ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய், கொழுப்புள்ள இறைச்சி இவற்றில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு அதிகமாகச் சேரும்போது அந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகிறது. ஏற்பி மந்தமானால் எல்டிஎல் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நல்லெண்ணெய், ஆலிவ், கனோலா, சூரியகாந்தி, கொட்டைகள் இவற்றின் நிறைவுறாத கொழுப்பு அந்த மாதிரி செய்வதில்லை, எல்டிஎல்லைக் குறைக்கத்தான் உதவுகிறது. கார்போவைக் குறைப்பது ட்ரைகிளிசரைடையும் சர்க்கரையையும் இறக்கும். எந்தக் கொழுப்பு என்பது எல்டிஎல்லைத் தீர்மானிக்கும். பெரும்பாலானவர்களுக்கு இவை இரண்டும் வேறுவேறு கைப்பிடிகள், ஒன்றைத் திருப்பினால் மற்றது தானாகத் திரும்பாது.

இந்த நாட்டில் பேன்டிங் எப்படிப் பரவியது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பெயர் பழையது, 1863ல் லண்டனில் வில்லியம் பேன்டிங் என்ற ஈமச்சடங்கு ஏற்பாட்டாளர் தன் எடையைக் குறைத்த விதத்தைச் சிறு நூலாகப் போட்டார். இங்கே அதைக் கொண்டுவந்தவர் கேப் டவுன் பேராசிரியர் டிம் நோக்ஸ். ஓட்டப்பந்தய வீரர்களுக்கு நிறைய கார்போ சாப்பிடச் சொல்லிப் புகழ்பெற்றவர், தனக்கே சர்க்கரை வந்ததும் 2010 வாக்கில் நேரெதிர்ப் பக்கம் வந்துவிட்டார். 2013ல் அவரும் மற்றவர்களும் சேர்ந்து போட்ட சமையல் புத்தகம் வீட்டுக்கு வீடு போனது. 2014ல் குழந்தை உணவு பற்றி அவர் போட்ட ஒரு ட்வீட்டுக்காக மருத்துவக் கவுன்சிலில் விசாரணை நடந்து, 2017ல் அவர்மேல் குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது, 2018ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. பலர் அந்தத் தீர்ப்பைப் பேன்டிங்கின் ஒவ்வொரு வரிக்கும் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொண்டார்கள். அங்கே விசாரிக்கப்பட்டது அவருடைய தொழில் நடத்தை, வெண்ணெய் எல்டிஎல்லை ஏற்றுமா இல்லையா என்பதில்லை. சர்க்கரை, மாவு விஷயத்தில் அவர் சொன்னதில் நம் சமூகத்துக்கு மிகவும் வேண்டிய பாடம் இருக்கிறது, டர்பனில் நம்மவர்களிடம் சர்க்கரை நோய் எவ்வளவு என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் தெருவிலேயே எண்ணிவிடலாம். ஆனால் அந்தப் புத்தகத்தில் தாராளமாக, அளவோடு, தொடாதே என்று பிரிக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்புப் பட்டியலில் வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய், விலங்குக் கொழுப்பு எல்லாம் பச்சையில், விதை எண்ணெய்கள் சிவப்பில். உங்களைப் போல அதை அப்படியே பின்பற்றினால் எல்டிஎல்லை ஏற்றும் கொழுப்பு நிறைய உள்ளே வரும், இறக்கும் எண்ணெய் வெளியே போகும்.

உங்கள் ஒரு நாள் சாப்பாட்டை எழுதியிருந்தீர்களே, அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டேன். காலையில் காபியில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய். வெண்ணெயில் 7 கிராம், தேங்காய் எண்ணெயில் சுமார் 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 22 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது பொதுவான அறிவுரை, எல்டிஎல் ஏற்கெனவே அதிகம் என்றால் 13க்குள். நீங்கள் காலை ஏழு மணிக்குள் 19ஐத் தொட்டுவிடுகிறீர்கள், இன்னும் ஒன்றும் சாப்பிடவே இல்லை. பிறகு நெய்யில் மூன்று முட்டை, செடார் சீஸ் 60 கிராம், அதில் ஒரு 12. மதியம் எலும்பும் கொழுப்புமாக மட்டன் கறி, அதற்குத் தாளிப்பு நெய். ராத்திரி க்ரீம் ஊற்றிய கோழி, தோலோடு. சனி ஞாயிறு ப்ராய் என்ற தணலில் வாட்டும் விருந்து, அதில் பூரவோர்ஸ் என்ற தொத்திறைச்சி. பூரவோர்ஸில் 30 சதவீதம் வரை கொழுப்பு இருக்கலாம் என்று இந்த நாட்டுச் சட்டமே அனுமதிக்கிறது. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு எண்பது கிராமுக்குக் குறையாது. உங்கள் எல்டிஎல் 5.7 ஆனதற்கு வேறு மர்மம் எதையும் தேட வேண்டாம்.

ஆகவே முதலில் போக வேண்டியது அந்தக் காபி. அதில் பசியாற்றும் குணம் இருக்கிறது என்பீர்கள், இரண்டு முட்டையும் அரை அவகாடோவும் அதைவிட நன்றாகப் பசியாற்றும், அவகாடோவில் பாதிப் பழத்துக்கே ஆறேழு கிராம் நார்ச்சத்து கிடைக்கும். காபியைப் பற்றி இன்னொன்று: பிளஞ்சரில் அழுத்தி எடுக்கும் காபியிலும் கொதிக்க வைத்து வடிகட்டாத காபியிலும் காஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது, அதுவே எல்டிஎல்லை ஏற்றும். காகித வடிகட்டியில் இறக்கினால் பெரும்பகுதி நின்றுவிடும், இன்ஸ்டன்ட் காபியிலும் மிகக் குறைவு. நாளைக்கு நாலு குவளை பிளஞ்சர் காபி குடிப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

அப்புறம் சமையல் எண்ணெய். தாளிப்புக்கு கனோலாவோ ஆலிவ் எண்ணெயோ எடுங்கள். கனோலா வெஸ்டர்ன் கேப்பிலேயே விளைகிறது, விலையும் கட்டுப்படியாகும். அம்மா காலத்தில் இருந்து வீட்டில் இருந்த சூரியகாந்தி எண்ணெயும் எல்டிஎல் விஷயத்தில் நெய்யைவிட, தேங்காய் எண்ணெயைவிட நல்லதே, அது விஷம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நீங்கள் கொட்டியிருக்க வேண்டாம். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரிப்பதை மட்டும் நிறுத்துங்கள். தேங்காய் எண்ணெய் நம் பாரம்பரியம், அதனால் கெடுதல் இருக்காது என்பவர்கள் நிறையப் பேர். ஆனால் டர்பன் கறியில் தேங்காய் எண்ணெய் எப்போது இருந்தது? அது பேன்டிங்கோடு வந்தது. சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில் மற்றத் தாவர எண்ணெய்களைவிட அது எல்டிஎல்லை ஏற்றுகிறது என்றுதான் தெரிகிறது, எச்டிஎல்லும் கொஞ்சம் ஏறும், அதை வைத்து இதை மன்னிக்க முடியாது. நெய்யை முழுக்க விடச் சொல்லவில்லை, பூஜைக்கும் பருப்பின்மேல் ஒரு தேக்கரண்டி வாசனைக்கும் இருக்கட்டும்.

இறைச்சியில் ஆட்டுக்கறி வாரத்துக்கு ஒரு நாள், கொழுப்பை வெட்டி எடுத்து. மற்ற நாட்கள் தோலுரித்த கோழி, மீன், நண்டு, இறால். இறாலில் கொலஸ்ட்ரால் அதிகமாயிற்றே என்று பயப்படுவார்கள், நிறைவுற்ற கொழுப்பு அதில் மிகவும் குறைவு என்பதால் எல்டிஎல் அவ்வளவாக அசையாது, க்ரீமும் வெண்ணெயும் சேர்க்காமல் நம் மசாலாவில் செய்தால் போதும். முட்டையும் அப்படித்தான், எல்டிஎல் இறங்கும்வரை நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், அவகாடோவோடு சாப்பிடுகிற நாள் இரண்டாக இருந்தாலும் பரவாயில்லை, அதை நெய்யில் பொரிப்பதுதான் பிரச்சினை. ஜூன், ஜூலையில் தெற்குக் கரையில் சார்டின் வரும்போது வாங்கி மிளகாய் மசாலா தடவி வாட்டிச் சாப்பிடுங்கள், மற்ற மாதங்களில் டின் பில்சர்ட் மீன் இருக்கவே இருக்கிறது, வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய் போட்டு நம் வீடுகளில் செய்கிற அந்தப் பில்சர்ட் சட்னி கார்போ குறைந்த நல்ல சாப்பாடு. மீன் கொழுப்பு ட்ரைகிளிசரைடைத்தான் இறக்கும், எல்டிஎல்லை நேராக இறக்காது, ஆனால் அது உட்காரும் இடத்தில் மட்டன் உட்காராது, லாபம் அங்கே. ப்ராய்க்குப் போனால் பூரவோர்ஸை விட்டுவிட்டுக் கோழியோ மீனோ பக்கம் போங்கள். உலர்த்திய இறைச்சியான பில்டாங் கொஞ்சம் பரவாயில்லை, கொழுப்பு விளிம்பில்லாததாகக் கேட்டு வாங்குங்கள், ஆனால் உப்பு அதிகம், பிரஷர் இருந்தால் கை வைக்காதீர்கள். கொறிக்கக் கொட்டைகள் வேண்டும் என்றால் நம் நாட்டு மக்கடேமியா அருமையானது, விலை கைக்கு எட்டவில்லை என்றால் உப்பில்லாத வேர்க்கடலை ஒரு கைப்பிடி. பேன்டிங்காரர்கள் வேர்க்கடலையைப் பருப்பு வகை என்று ஒதுக்கி வைப்பார்கள், எல்டிஎல் உள்ளவர் அதை ஒதுக்கக் காரணமே இல்லை.

பருப்பு வகை என்றதும் எனக்கு மனசு பொறுக்காத ஒன்று. சுகர் பீன்ஸ் கறி, பருப்பு, கடலைப்பருப்போடு குடல், இதையெல்லாம் ஏழு மாதமாக நிறுத்திவிட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். கரும்புக் காட்டுக்கு ஒப்பந்தத்தில் வந்த நம் பாட்டன்களுக்கு ரேஷனில் கொடுத்தது அரிசியும் பருப்பும். அதில் அரிசியைக் குறைத்தீர்கள், நல்லது, பருப்பு என்ன பாவம் செய்தது? வேகவைத்த பயறு, பீன்ஸ், பருப்பு ஏதாவது ஒன்றை நாளைக்கு முக்கால் கப் அளவு சாப்பிட்டால் எல்டிஎல் சுமார் 5 சதவீதம் இறங்குகிறது. அரைக் கப் பருப்பில் நாரைக் கழித்துவிட்டால் 12, 13 கிராம் கார்போதான். நாளைக்கு 20 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற கீட்டோ கணக்கில் அது இடிக்கும், ஆனால் உங்களுக்குக் கீட்டோ தேவையில்லை. எச்பிஏ1சி 6.1ல் இருக்கிறது, எடை இறங்கிவிட்டது, நாளைக்கு 80 முதல் 100 கிராம் கார்போ என்று வைத்தாலும் அது குறைந்த கார்போ உணவுதான், நாம் முன்பு சாப்பிட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ரொட்டி இல்லாமல், சோறு இல்லாமல், ஒரு கிண்ணம் சுகர் பீன்ஸும் ஒரு குவியல் கீரையும், பக்கத்தில் கோழியும் என்று சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை அதிகம் ஏறுவதில்லை. உங்களுக்கு ஏறினால் அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

இது என் கற்பனை இல்லை. டொரன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 2009ல் ஒரு சோதனை வெளியிட்டது. எடையும் கொலஸ்ட்ராலும் அதிகமுள்ள 47 பேர், ஒரு பாதிக்குக் கார்போ குறைந்த உணவு, ஆனால் புரதமும் கொழுப்பும் சோயா, கொட்டை, தாவர எண்ணெய் என்று தாவரத்திலிருந்தே. இன்னொரு பாதிக்குப் பால், முட்டை சேர்ந்த கார்போ அதிகமான சைவ உணவு. நாலு வாரத்தில் எடை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்கியது, ஆனால் எல்டிஎல் முதல் குழுவில் 20 சதவீதம், இரண்டாவதில் 12 சதவீதம். கார்போ குறைத்தால் எல்டிஎல் ஏறியே தீரும் என்று உங்கள் டாக்டர் நினைத்தால் அவருக்கும் இதைச் சொல்லலாம்.

நார்ச்சத்தில் இன்னொரு கைமருந்து இசப்கோல். நாளைக்கு 10 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து, நிறையத் தண்ணீரோடு, மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி. எல்டிஎல் 7 சதவீதம் அளவுக்கு இறங்கும், பேன்டிங்கில் பலருக்கு வரும் மலச்சிக்கலும் போகும். வெண்டைக்காய், கத்தரிக்காய், முருங்கைக்காய், கீரை இவற்றைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். மதும்பி என்ற சேப்பங்கிழங்கில் மாவுச்சத்து அதிகம், எப்போதாவது ஒரு துண்டு.

நம் ஆட்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் புரட்டாசி. கறி மீன் முட்டை எதுவும் இல்லாத ஒரு மாதத்தில் கார்போவும் வேண்டாம் என்றால் என்ன மிஞ்சுகிறது? பனீர், சீஸ், க்ரீம், நெய்யில் வதக்கிய காளிஃப்ளவர். விரத மாதம் முடிந்து ரத்தம் எடுத்தால் எல்டிஎல் கூடியிருக்கும், சுத்த சைவம்தானே சாப்பிட்டோம் என்று ஆச்சரியப்படுவார்கள். காவடி விரதத்திலும் இதே கதை. அந்த நாட்களில் பருப்பு, பயறு, டோஃபு, வேர்க்கடலை, ஆமாசி என்ற புளித்த பால் என்று போங்கள், கார்போ கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. ஆடியில் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது ஒரு குவளை கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள், தம்பி. வருடத்தில் ஒரு நாள் அம்மன் கூழ் உங்கள் எச்பிஏ1சியைக் கெடுக்காது.

இந்த மாற்றங்களைச் செய்தால் எவ்வளவு இறங்கும்? உங்கள் எல்டிஎல் பழைய சாப்பாட்டில் 3.4 இருந்தது என்பதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. கொழுப்பை மாற்றினால் அந்தப் பக்கம் திரும்ப வர வாய்ப்பு அதிகம், ஆறு முதல் எட்டு வாரத்திலேயே தெரியும். எடை வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும் சமயத்திலும் உடம்புக் கொழுப்பு கரைந்து எல்டிஎல் தற்காலிகமாகக் கூடுவது உண்டு, அதனால் எடை ஒரே இடத்தில் நிற்கும்போது எடுக்கிற ரத்தப் பரிசோதனையை நம்புங்கள். தைராய்டையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள், அது மந்தமானாலும் எல்டிஎல் ஏறும்.

அந்தப் பழைய 3.4 இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்கிறது. அப்பாவுக்கு 52ல் மாரடைப்பு என்றதும் பிறவிக் கொலஸ்ட்ரால் நோய் இருக்குமோ என்று யாரும் யோசிக்க வேண்டும். உலகத்தில் சுமார் 250, 300 பேருக்கு ஒருவருக்கு அது இருக்கிறது, தென்னாப்பிரிக்காவில் ஆஃப்ரிகானர்களிடம் எண்பது பேருக்கு ஒருவர் என்ற அளவில் அதிகம், குஜராத்தி வழிவந்த இந்தியர்களிடமும் அதற்கென்றே ஒரு மரபணு மாற்றம் கண்டிருக்கிறார்கள். அந்த நோய் உள்ளவர்களுக்கு மருந்தில்லாமல் 3.4 இருப்பது அபூர்வம், பெரும்பாலும் 4.9க்கு மேல்தான் இருக்கும். ஆகவே உங்களுக்கு அது இல்லாமல் இருக்கவே வாய்ப்பு. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பேன்டிங்குக்கு முன்பே 5க்கு மேல் இருந்தது, குதிகால் தசைநார் தடித்திருக்கிறது, குடும்பத்தில் ஐம்பதுக்குள் மாரடைப்பு என்றால், இந்தப் பதிலில் இருக்கும் சமையல் குறிப்பெல்லாம் போதாது, நேராக டாக்டரிடம் போங்கள், பிள்ளைகளுக்கும் ரத்தம் பாருங்கள். உங்கள் அப்பா விஷயத்தில் எல்பி-ஏ என்ற ரத்தக் கொழுப்புத் துகளைப் பார்க்கும் பரிசோதனை ஒன்றை வாழ்நாளில் ஒருமுறை செய்துகொள்வது நல்லது. அது பரம்பரையாக வருவது, சாப்பாட்டால் மாறாது, அதிகமாக இருந்தால் எல்டிஎல்லை இன்னும் கீழே வைக்க வேண்டும்.

இன்னொரு வகை ஆட்களும் இருக்கிறார்கள், உங்கள் எடைக்குப் பொருந்தாது என்றாலும் சொல்லிவைக்கிறேன். ஏற்கெனவே ஒல்லியாக, சர்க்கரை இல்லாமல், உடற்பயிற்சி செய்துகொண்டு கீட்டோவில் இறங்கும் சிலருக்கு எல்டிஎல் 6, 7, 8 என்று எகிறிவிடும். அவர்களுக்குக் கொழுப்பை மாற்றுவதோடு நாளைக்கு 50 முதல் 100 கிராம் கார்போவைத் திரும்பச் சேர்ப்பதே பெரிய அளவில் இறக்கிவிடும். எடை குறைக்கத் தேவையில்லாதவர் கீட்டோ செய்ய வேண்டிய அவசியமும் இல்லை.

இனி ஸ்டாட்டின். இதில் நான் உங்கள் டாக்டர் பக்கம். 46 வயது, சர்க்கரை, அப்பாவுக்குச் சீக்கிரம் மாரடைப்பு, அதற்குமேல் இந்திய வம்சம். இந்த நாலும் சேர்ந்தால் எல்டிஎல் 3.4ஆக இருந்தபோதே உங்களுக்கு ஸ்டாட்டின் கொடுத்திருக்க வேண்டும், பேன்டிங் அதை வெளியே காட்டிவிட்டது, அவ்வளவுதான். நாற்பது தாண்டிய சர்க்கரைக்காரர்களுக்கு எல்டிஎல் எவ்வளவு இருந்தாலும் ஸ்டாட்டின் என்பது பல நாடுகளில் பின்பற்றும் வழக்கம், உங்களைப் போன்றவர்களுக்கு இங்கே மருத்துவர்கள் வைக்கும் இலக்கு பெரும்பாலும் 1.8க்குக் கீழே. சாப்பாட்டை மட்டும் வைத்து 5.7லிருந்து 1.8க்கு யாரும் போக முடியாது. சாப்பாட்டால் 3.5க்குக் கொண்டுவந்து, மிச்சத்தை மாத்திரையால் பாதியாக்குவது நடக்கக்கூடிய காரியம். சாப்பாட்டைச் சரிசெய்யாமல் மாத்திரையை மட்டும் போட்டால் டோஸை ஏற்றிக்கொண்டே போனாலும் அந்த இலக்குக்கு வந்து சேருவது கடினம், ஒவ்வொரு முறை டோஸை இரட்டிப்பாக்கும்போதும் கூடுதலாக 6 சதவீதம்தான் இறங்கும்.

தசைவலி பயம் இருந்தால், லண்டனில் 2020ல் வந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஸ்டாட்டினால் வலி என்று நிறுத்தியவர்களுக்கே சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று எது எது என அவர்களுக்குத் தெரியாமல் கொடுத்தார்கள். ஸ்டாட்டினில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெறும் மாத்திரையிலும் வந்தது. உண்மையான தசைவலி சிலருக்கு வரும், அப்போது மருந்தை மாற்றலாம், டோஸைக் குறைக்கலாம், எசெட்டிமைப் என்ற வேறு வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சேர்க்கலாம், வழி இருக்கிறது. சர்க்கரை ஒரு துளி ஏறலாம் என்பதும் உண்மை, நீங்கள் குறைத்திருக்கும் அளவுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு இருந்தால் கொலஸ்ட்ரால் நோய் கட்டாயம் செலவை ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது, டாக்டரிடம் படிவம் நிரப்பி வாங்குங்கள், கைக்காசு போடாதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது சண்டையாகப் போகாமல், கார்போவைக் குறைவாகவே வைத்துக்கொள்கிறேன், நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், க்ரீமை விட்டுவிடுகிறேன், ஸ்டாட்டினும் ஆரம்பிக்கிறேன், எட்டு வாரம் கழித்து லிப்பிட், முடிந்தால் கெட்ட துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் ஏபோ-பி, கல்லீரல், தைராய்டு, எச்பிஏ1சி பார்ப்போம் என்று சொல்லிப் பாருங்கள். சர்க்கரையைக் குறைத்துக் காட்டிய நோயாளி இப்படிப் பேசினால் மறுக்கும் டாக்டரை நான் அதிகம் பார்த்ததில்லை.

கடைசியாக மருந்து பற்றி ஒன்று, இது உங்களைவிட உங்களைப் பார்த்து ஆரம்பிக்கப்போகும் உங்கள் அண்ணனுக்கு. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் கார்போ குறைப்பதில் பயமில்லை. அவர் இன்சுலினோ கிளிக்லசைடோ போடுகிறார் என்றால் டாக்டர் டோஸைக் குறைக்காமல் கார்போவைக் குறைக்கக் கூடாது, சர்க்கரை திடீரென்று விழுந்துவிடும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை என்றால் மிகக் குறைந்த கார்போ வேண்டவே வேண்டாம், சர்க்கரை எண் சாதாரணமாக இருக்கும்போதே ரத்தம் அமிலமாகும் ஆபத்து இருக்கிறது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் குளுக்கோமீட்டர் என்ன காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவருடைய மாத்திரைப் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள், அதற்கு முன்னால் அவர் ஒன்றும் ஆரம்பிக்க வேண்டாம்.